ஊமத்தையும் அதன் உறவினரும்

நமது கல்லூரித் தாவரத் தோட்டத்தின் மேற்கு வேலியோரத்தில், சருகு கொட்டும் குழிக்கு அண்மையிலே, நடுவாருமின்றி நீர் வார்ப்பாருமின்றி நாலைந்து ஊமத்தைச் செடிகள் ஆண்டுதோறும் தாமே முளைத்து, எக்காளம் போன்ற வெண்பூப் பூத்து, முட்காய் காய்த்து நிற்றலை மாணவர் பலரும் கண்டிருப்பர். அவற்றை வேரொடு களைந்து அவ்விடத்தில் குரோட்டன்ஸ் வரிசையொன்று வைத்தல் நன்றென்று தோட்டக் குழுவில் இவ்வாண்டு ஒரு யோசனை எழுந்தது. கல்லூரி வளவில் நச்சுச்செடி எற்றுக்கு என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். காரணம் பொய்யன்று, ஊமத்தை நஞ்சுதான். ஆயினும் யாம் அந்த யோசனைக்கு இசையவில்லை. இசையாமைக்குரிய காரணங்களை இம்மலரின் வாயிலாக ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் அறிய எடுத்துரைத்தல் எமது கடமையென்று கருதுகின்றோம்.

முதற்கண் ஒரு சிறு வினா. கல்லூரி வாயிலின் இருமருங்கும் அரளி வரிசையாய் நிற்கின்றதே, அதனைப்பற்றி எவரும் வாய் திறந்திலர், ஏன்? பொன்னரளி விதையை உண்டு தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் மாய்ந்தோர் தொகை ஊமத்தையால் மாய்ந்தோர் தொகையினும் மிகப் பெரிது. அரளி அழகாகப் பூக்கின்றது, வரிசையில் அடங்கி நிற்கின்றது. ஆதலின் அது தோட்டச்செடியென்று பெயர் பெற்றது. ஊமத்தை குப்பையில் முளைத்தது; ஆதலின் நச்சுச்செடியென்று பெயர் பெற்றது. புதிதாக வைக்கக் கருதிய குரோட்டன்ஸின் பாலும் தோலிற் பட்டால் எரிச்சல் தருவதே. இவற்றையெல்லாம் யாம் எடுத்துக் கூறியபோது, அருகு நின்ற எங்கள் முதிய தோட்டக்காரர், "ஐயா, இதிலே ஆடுகூட வாய் வைக்காது, பிள்ளைகள்தான் வைக்கும்" என்றார். எமது கட்சிக்கு எதிராக இதனினும் வலிய வாதம் குழுவில் வேறொன்றும் எழவில்லை. அதற்கு விடை பின்னர்க் கூறுவோம்.

இப்பொழுது செடியை விட்டு அதனுட் புகுவோம். தாவரநூல் வகுப்பில், ஊமத்தை கத்தரி, மிளகாய், தக்காளி, புகையிலை ஆகியவற்றின் குலத்தைச் சேர்ந்ததென்று பூவைப் பிளந்து காட்டுகின்றார்கள். மாடியிலுள்ள இரசாயன வகுப்பில், அட்ரோப்பின் என்னும் ஆல்கலாய்டைச் சிதைத்தால் டிரோப்பின் என்னும் காரப்பொருளும் டிரோப்பிக் அமிலமும் வருமென்று கரும்பலகையில் எழுதுகின்றார்கள். கீழே கண்ட பூவும் மேலே கண்ட எழுத்தும் ஒன்றே என்பதை இரண்டு அறைகளிலும் ஒருவரும் சொல்வதில்லை. மூன்றாண்டு பயின்று பட்டம் பெற்று வெளியேறுவோருட் பலர், படிக்கட்டில் ஏறி இறங்கியதேயன்றி அவ்விரண்டனையும் இணைத்துக் கண்டிலர். இஃது ஆசிரியர் குற்றமன்று; பாடத்திட்டத்தின் குற்றம். எனினும் வேலியோரத்துச் செடி இருக்குமளவும் அக்குற்றத்தை நீக்க வழியுண்டு.

ஊமத்தையின் இலை, பூ, விதை, வேர் எல்லாவற்றிலும் ஹையோஸையமின், ஹையோஸின் என்னும் இரண்டு ஆல்கலாய்டுகள் உள. ஹையோஸையமினைப் பிரித்தெடுக்குங்கால் அதன் அணுக்கூட்டங்களிற் பாதி, கண்ணாடியிற் கண்ட நிழல்போல் இடம்வலம் மாறிவிடும். அவ்வாறு மாறிக் கலந்ததே அட்ரோப்பின். ஹையோஸினுக்கு ஸ்கோபொலமின் என்பது மறுபெயர். இவற்றின் உள்ளெலும்பு ஒன்றே. ஏழு கரியணுக்கள் கைகோத்து ஒரு வளையமாக நிற்க, நைட்ரஜன் அணு ஒன்று வாளியின் கைப்பிடிபோல அவ்வளையத்தின் இரு பக்கங்களையும் பற்றிப் பாலமிட்டு நிற்கும். இவ்வமைப்பிற்கு டிரோப்பேன் என்று பெயர். இவ்வளையத்தின் ஒரு மூலையில் ஓர் அமிலம் தொங்கும்.

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சாரலில் வளரும் கோக்கா என்னும் புதரின் இலையிலுள்ள கொக்கெயினுக்கும் உள்ளெலும்பு இதே டிரோப்பேன் வளையந்தான். உலகெங்கும் காவற்படைகள் துரத்தித் திரியும் பொருளும் நம் குப்பைமேட்டுச் செடியின் சாறும் இரசாயன முறையில் ஒரு வீட்டுப் பிள்ளைகள். இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. கொக்கெயினின் மூலக்கூறு ஒன்றில் 17 கரியணுக்களும், 21 ஹைட்ரஜன் அணுக்களும், ஒரு நைட்ரஜன் அணுவும், 4 ஆக்ஸிஜன் அணுக்களும் உள. ஹையோஸினின் மூலக்கூறிலும் 17, 21, 1, 4 என்னும் அதே கணக்குத்தான். ஓர் அணு கூடவுமில்லை, குறையவுமில்லை. தராசிலிட்டால் நிறை ஒன்றே. ஆனால் கொக்கெயின் நாவிற்பட்டால் மரத்துப்போகும், உட்சென்றால் உறக்கம் கெடும். ஹையோஸின் வாயை வறளச் செய்யும், உறக்கத்தைத் தரும், நினைவை மறைக்கும். கொக்கெயினில் வளையத்தில் தொங்குவது பென்ஸோயிக் அமிலம். அது நைட்ரஜன் பாலம் நிற்கும் பக்கமாகத் திரும்பியுள்ளது. ஹையோஸினில் தொங்குவது டிரோப்பிக் அமிலம். அது பாலத்திற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியுள்ளது. கொக்கெயினில் வளையத்தின் வேறொரு மூலையில் மெதில் எஸ்டர் ஒன்று ஒட்டியிருக்க, ஹையோஸினில் வளையத்தின் மறுபுறத்தில் ஓர் ஆக்ஸிஜன் அணு குறுக்கே கால்வைத்து நிற்கின்றது. இவ்வளவே வேற்றுமை. இவ்வளவில் ஒன்று நரம்பைத் தூண்டும் பொருளாயிற்று. மற்றொன்று அயர்த்தும் பொருளாயிற்று. குலத்தை வைத்துக் குணத்தை அளப்போர் இவ்விரண்டு சூத்திரங்களையும் ஒரு தாளில் அருகருகே வரைந்து பார்த்தல் நலம்.

இவ்வுறவு வெளிப்பட்ட வரலாறும் கேட்கத் தக்கதே. 1819ஆம் ஆண்டில் யேனா நகரத்தில் பயின்ற ரூங்கே என்னும் இளைஞர், பெல்லடோனா இனத்துச் செடியொன்றின் சாற்றைப் பூனையின் கண்ணிலிட்டு, அதன் பாவை அகன்று நிற்பதைக் கவிஞர் கெத்தேக்குக் காட்டினார். மகிழ்ந்த கவிஞர் ஒரு கை காப்பிக்கொட்டையைக் கொடுத்து இதனையும் ஆராய்க என்றாராம். அதிலிருந்து அவ்விளைஞர் கண்டதே காபீன். ஒரு பூனையின் கண்ணிலிருந்து நம் காலைக் காப்பி வரை இரசாயன நூல் சென்றமை இவ்வாறு. 1831ல் மைன் என்னும் ஜெர்மானிய மருந்தாளர் பெல்லடோனா வேரிலிருந்து அட்ரோப்பினைத் தூய பளிங்காகப் பிரித்தெடுத்தார். 1860ல் கெட்டிங்கன் நகரத்து நீமன், நொவாரா என்னும் ஆஸ்திரியக் கப்பலிற் சென்றோர் கொணர்ந்த கோக்கா இலையிலிருந்து கொக்கெயினைப் பிரித்து, அது நாவை மரக்கச் செய்வதைக் குறித்துவைத்தார். அந்த நொவாரா, உலகைச் சுற்றிவரும் வழியில், 1858ல் நம் சென்னைக் கடற்கரைக்கு அப்பாலும் நங்கூரமிட்டு நின்றது. கோக்கா இலை அதன் பயணத்திற் பின்னர்க் கிடைத்ததாகலின் அவ்விலை சென்னையைக் கண்டதில்லை. ஆயினும் அக்கப்பலார் கரையிறங்கி நடந்த வழியில் ஊமத்தை ஒன்றேனும் பூத்திருக்குமென்று எண்ண எமக்கு ஆசை.

ஜெர்மானிய அறிஞர் இரு பொருள்களையும் அமிலத்தாலும் காரத்தாலும் சிதைத்துச் சிதைத்து, முடிவில் இரண்டினின்றும் ஒரே துண்டு வருதலைக் கண்டனர். 1898ல் வில்ஸ்டேட்டர் அவற்றின் வடிவத்தை உறுதி செய்தார். 1901ல் ஏழு கரியணு வளையமொன்றில் தொடங்கிப் பல படிகளைக் கடந்து டிரோப்பினோன் என்னும் நடுப்பொருளைக் கையாலேயே கட்டி முடித்தார். தொடங்கிய பொருளில் நூற்றுக்கு ஒரு பங்கும் இறுதியில் தேறவில்லை. இருந்தும் அக்காலத்தில் அது பெருஞ்சாதனை. 1917ல் இங்கிலாந்தின் ராபர்ட் ராபின்ஸன், மூன்று எளிய பொருள்களை நீரிலிட்டு ஒரே கலத்தில் அதே டிரோப்பினோனைத் தோற்றுவித்தார். பின்வந்தோர் கலத்தின் புளிப்பைச் சரிசெய்து நூற்றுக்கு எண்பதுக்கு மேலும் பெற்றனர். செடியும் ஏறக்குறைய இவ்வாறே செய்கின்றது போலும் என்று ராபின்ஸன் ஊகித்தார். ஊகம் முற்றும் சரியன்று. எனினும் வழியைக் காட்டியது. பல படியேறிய வில்ஸ்டேட்டரையும் ஒரே தாவில் தாண்டிய ராபின்ஸனையும் அருகருகே வைத்துக் கற்பித்தாலொழிய, இரசாயனம் மனப்பாடப் பொருளன்று, மதிநுட்பத்தின் விளையாட்டு என்பது மாணவர்க்கு விளங்காது.

உறவினர் என்று யாம் கூறினோமே, அஃது எவ்வகை உறவு? கோக்காவும் ஊமத்தையும் தாவரநூன்முறையில் உறவினரல்ல. கோக்கா, ஆமணக்கு முதலியவற்றிற்கு ஒருவாறு அண்மையது. ஊமத்தை கத்தரிக்கு அண்மையது. இவ்விரண்டு கிளைகளும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாயின. 2012ஆம் ஆண்டில், ரூங்கே பூனையைக் காட்டிய அதே யேனா நகரத்து ஆராய்ச்சியாளர், கோக்காவில் இவ்வளையத்தை முடிக்கும் நொதியும் ஊமத்தைக் குலத்தில் முடிக்கும் நொதியும் முற்றும் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என்று காட்டினர். ஊமத்தை தன் ஆல்கலாய்டை வேரிற் சமைத்து மேலே அனுப்புகின்றது. கோக்கா தளிரிலேயே சமைக்கின்றது. ஒரே கலத்தை இரண்டு ஊர்க் குயவர் ஒருவரையொருவர் அறியாமலே வனைந்தாற்போன்றது இது. நாம் உண்ணும் உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், சர்க்கரைவள்ளி ஆகியவற்றிலும் காலிஸ்டெஜின் என்னும் ஒருவகை டிரோப்பேன் பொருள்கள் சிறு அளவில் உள. 1988க்குப் பின்னரே அவை உலகறிய வந்தன. ஆனால் அவற்றை உண்டு நாம் மயங்கியதில்லை.

நம் கல்லூரி திருமறையைக் கற்பிக்கும் கல்லூரியாதலின் இதனையும் சொல்லல் வேண்டும். ஆதியாகமத்தின் 30ஆம் அதிகாரத்தில், ரூபன் வயலிலிருந்து கொணர, ராகேலும் லேயாளும் வழக்கிட்ட தூதாயீம் கனிகள் இக்குலத்துச் செடியொன்றின் கனிகளே என்பது பெரும்பாலார் கருத்து. அதன் வேரிலும் ஹையோஸையமினும் ஹையோஸினும் உள. வேத பாடத்தில் அப்பெயரை வாசிக்கும் மாணவர், அதன் உறவினர் வேலியோரத்தில் நிற்பதை அறிந்து வாசித்தால் குறைவொன்றும் வாராது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். பெயரைக் கண்டு தீர்ப்பளித்தலின் தீங்கு இங்கே நன்கு புலனாகும். நம் தமிழ்நாட்டு வறண்ட குன்றுகளிலும் முட்காடுகளிலும் இலங்கையின் உலர்நிலக் காடுகளிலும் செம்மணத்தி என்னும் சிறுமரம் ஒன்று வளர்கின்றது. தேவதாரம் என்று வழங்குவாரும் உளர். அதன் வைரம் செந்நிறமும் நறுமணமும் உடையது. சந்தனத்திற்குப் போலியாக விற்கப்பட்டதும் உண்டு. பஞ்சகாலத்தில் ஏழைகள் அதன் தளிரைக் கீரையாக உண்டதை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர் குறித்துள்ளனர். இம்மரம் கோக்காவின் இனமாகிய எரித்ராக்ஸிலத்தைச் சேர்ந்தது. அவ்வினத்தில் இருநூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள. கொக்கெயினுக்காகப் பயிரிடப்படுவன இரண்டே. செம்மணத்தி அவ்விரண்டனுள் ஒன்றன்று. கொக்கெயினுக்காக எவரும் அதனைத் தேடிச் செல்வதில்லை. ஆனால் 1961ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையும், அதன் வழிவந்த 1985ஆம் ஆண்டு இந்தியப் போதைப்பொருள் சட்டமும், கோக்காச் செடியாவது எரித்ராக்ஸிலம் இனத்து எவ்வகைச் செடியும் என்று வரையறுத்துள்ளன. சொல்லைச் சொல்லாகவே கொண்டால், பஞ்சத்தில் நம் முன்னோர் வயிறு காத்த அம்மரம் கோக்காச் செடியாகின்றது. கோக்காச் செடியைப் பயிரிடுதல் குற்றமுமாகின்றது. மனிதரை உண்மையிலேயே மயக்கி மருத்துவமனைக்கு அனுப்பும் ஊமத்தையோ அச்சட்டத்தின் கண்ணிற் படவே இல்லை. செம்மணத்திக் கன்றொன்றைக் கொணர்ந்து ஊமத்தைக்கு அருகே நடுவோம் என்று ஒரு மாணவர் கூறினார். யோசனை அழகிது, வழக்கறிஞராயுள்ள பழைய மாணவர் எவரேனும் எழுத்தில் அபயம் அளித்தாலன்றி அதற்கு எமக்குத் துணிவில்லை. சட்டம் இயற்றினோரைக் குறைகூற யாம் வரவில்லை. இனம் முழுவதையும் வளைத்துப் பிடித்தல் எளிது. வகையை அறிந்து பிரித்தல் அரிது. எளியதைச் சட்டம் செய்யலாம். கல்லூரி செய்தல் ஆகாது.

ஊமத்தையால் விளைந்த நன்மையுள் ஒன்று நம் சென்னையிலேயே தொடங்கியது. ஊமத்தையைப் புகைத்து இழுப்பைத் தணிக்கும் வழக்கம் இந்நாட்டில் இருந்தது. கம்பெனியார் காலத்தில் சென்னையின் தலைமை மருத்துவராயிருந்த ஆண்டர்ஸன் அதனைக் கைக்கொண்டார். அவர்வழி அறிந்த ஜெனரல் ஜெண்ட் என்பவர் 1802ல் அம்முறையை இங்கிலாந்திற்குக் கொண்டு சென்றார். பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பியர் மருந்துக்கடைகளில் ஊமத்தைச் சுருட்டு விலைப்பட்டது. புகையில் நன்மையோடு தீமையும் கலந்திருந்தது. மருந்து மூச்சுக்குழலோடு நில்லாமல் மூளைக்கும் ஏறிற்று. இருபதாம் நூற்றாண்டில் இரசாயன நூலார் அட்ரோப்பினின் நைட்ரஜன் அணுவின்மேல் மற்றொரு கரிக்கிளையை ஏற்றி, அது மூளைக்குட் புகாதவாறு செய்து, இப்ராட்ரோப்பியம் என்னும் மருந்தைச் செய்தனர். இழுப்பு நோயாளர் மருத்துவமனையில் முகமூடியிட்டு ஆவியாக முகரும் மருந்துகளுள் அதுவும் ஒன்று. நம் பாட்டனார் மூட்டிய புகைக்கும் பேரனார் முகரும் ஆவிக்கும் இடையே உள்ளது ஒரு கரிக்கிளையும் இருநூறு ஆண்டுக் கல்வியுமே.

கொக்கெயினின் கதையும் அத்தகையதே. 1884ல் வியன்னாவின் இளமருத்துவர் கார்ல் கோலர் அதனைக் கண்ணிலிட்டு, நோயாளர் விழித்திருக்கவே வலியின்றிக் கண்ணை அறுக்கலாம் எனக் காட்டினார். அதற்கு முன்னர்க் கண்புரை அறுத்தோர் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கவும் அஞ்சுகின்றோம். அதன்பின் மருத்துவர் சிலரே அதற்கு அடிமைப்பட்டனர். ஆதலின் மரக்கும் குணத்தை வைத்துக்கொண்டு மயக்கும் குணத்தைக் கழிக்க வழி தேடி, 1905ல் புரோக்கெயினை வழக்கிற்குக் கொணர்ந்தனர். அதில் டிரோப்பேன் வளையமே இல்லை. பல் பிடுங்குவோர் ஈறில் ஊசியிடும்போது நாம் கோக்காவின் பேரப்பிள்ளை ஒன்றன் நிழலில் அமர்ந்திருக்கின்றோம்.

இவை யாவற்றினும் எம் நெஞ்சை மிகத் தொடுவது வேறொன்று. நம் சிற்றூர்களில் பூச்சிமருந்து குடித்து மருத்துவமனைக்கு வருவோரை அறியாதார் யார்? பாஸ்பரஸ் சேர்ந்த அப்பூச்சிமருந்துகள் உடலிற் புகுந்தால், நரம்பின் நுனியிற் சுரக்கும் அஸிட்டைல்கோலின் என்னும் பொருளை அழித்துத் துடைக்கும் நொதி செயலற்றுப்போகும். அப்பொருள் தேங்கித் தேங்கி, வாயில் நீரும் கண்ணில் நீரும் பெருகி, மூச்சுக்குழல் சுரப்பால் நிறைந்து, இதயம் தளர்ந்து, நோயாளர் தம் நெஞ்சுக்குள்ளேயே மூழ்குவர். அவ்வேளையில் அஸிட்டைல்கோலின் தங்கும் இடங்களைத் தான் முன்சென்று பற்றிக்கொண்டு சுரப்பை நிறுத்தவல்லது அட்ரோப்பின். மருத்துவர் ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் வரை ஊசியிற் செலுத்தித் தொடங்கி, நெஞ்சின் இரைச்சல் தெளியுமளவும் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அளவை இரட்டித்துக்கொண்டே செல்வர். நலமுள்ள ஒருவருக்கு அவ்வளவு ஏற்றினால் அவர் பிதற்றித் திரிவார். நஞ்சுண்டவருக்கோ அது மூச்சைத் திருப்பித் தருகின்றது. வாயை வறளச் செய்யும் அக்குணம் ஒருவருக்கு நோய், மற்றொருவருக்கு உயிர். இரவு முழுவதும் கட்டிலருகில் நின்று, பாவை அகல்கின்றதா, நெஞ்சு தெளிந்ததா என்று பார்த்துப் பார்த்து ஊசியிடும் செவிலியருள் நம் கல்லூரிப் பழைய மாணவியரும் உளர். அவர்கள் கையிலுள்ள குப்பியின் பொருளும் வேலியோரத்துச் செடியின் பொருளும் ஒன்று. அதனைக் களையென்று எறிய எமக்கு மனம் வரவில்லை.

இத்துணை நன்மை கூறியதால், ஊமத்தை நாட்டு மூலிகைதானே, இயற்கைதானே, உண்டால் என்ன என்பாரை யாம் ஆதரிப்பதாக எவரும் எண்ணற்க. அக்கட்சி பிடுங்கி எறியும் கட்சியினும் கொடிது. ஊமத்தையின் பெயரே உன்மத்தம் என்னும் பித்தைக் குறிக்கும் சொல்லினின்று வந்தது. வழிப்போக்கரின் சோற்றில் அதன் விதைப்பொடியைக் கலந்து மயக்கிக் கொள்ளையிட்ட செய்திகள் 19ஆம் நூற்றாண்டின் சட்ட மருத்துவ நூல்களில் நிரம்பக் கிடக்கின்றன. ஒரு செடியின் இலையில் உள்ள அளவு அடுத்த செடியில் இல்லை. பூக்குமுன் உள்ள அளவு காய்த்தபின் இல்லை. ஆதலின் குப்பியிலுள்ள அட்ரோப்பினுக்கு அளவு உண்டு. பறித்த காய்க்கு அளவு இல்லை. சித்த மருத்துவரும் அதனைச் சுத்தி செய்யாமல் உள்ளுக்குக் கொடார். உண்டவர் அடைவது இன்பமுமன்று. வாய் வறண்டு, பார்வை மங்கி, உடல் தகித்து, நீர் இறங்காமல், இல்லாத ஒருவரோடு பேசி, பின்னர் நடந்தது யாதென்றும் அறியாது கிடத்தலே.

அறியாமையால் விளையும் கேடு பந்தய விளையாட்டால் விளையும் கேட்டினும் பெரிது. 2019ஆம் ஆண்டில் உகாண்டா நாட்டில் பசியால் வாடியோர்க்கு அளிக்கப்பட்ட சத்துமாவில், சோயாப் பயிரின் நடுவே வளர்ந்த ஊமத்தை இனத்துச் செடியின் நஞ்சு கலந்திருந்தது. முந்நூறு பேருக்கு மேல் நோயுற்றனர்; ஐவர் இறந்தனர். உயிர் காக்க வந்த உணவு அது. நம் வீடுகளிலும் ஊமத்தை விதையை மிளகாய் விதையென்று மயங்குதல் உண்டு. இரண்டும் தட்டையானவை, குலமும் ஒன்றே. மிளகாய் விதை வெளிர்மஞ்சள், உறைக்கும். ஊமத்தை விதை சற்றுப் பெரிது, பழுப்பு நிறம், சிறுநீரக வடிவம், கைக்கும். இவ்வேற்றுமையை ஒரு நிமிடத்தில் கண்ணாற் கண்டு கற்கலாம். செடி கண்முன் இருந்தால்.

தோட்டக்காரர் சொல்லுக்கு இனி விடை. பிள்ளைகள் வாய் வைப்பர் என்றார், மெய்தான். அடுத்த வளவிலுள்ள நம் தொடக்கப்பள்ளிச் சிறார் பந்து பொறுக்க வேலியைத் தாண்டி வருதல் எமக்கும் தெரியும். ஆனால் இங்கே களைந்த ஊமத்தை, பள்ளிக்குச் செல்லும் வழியிலும், பேருந்து நிலையத்துக் குப்பைமேட்டிலும், அவர்கள் வீட்டுப் புறக்கடையிலும் நிற்கும். அங்கே அதற்குப் பெயர்ப்பலகை இராது. ஒருமுறை நம் தோட்டத்தில் அதன் பெயரையும் முட்காயையும் கண்டு, இது தீண்டத்தகாதது என்று ஆசிரியர் வாயாற் கேட்ட சிறுவன் புறக்கடையிலும் அதனை அறிவான். காணாத சிறுவன் எங்ஙனம் அறிவான்? செடியைக் காட்டினால் விளையாட்டுப்பிள்ளைகள் உண்ணத் துணிவர் என்று ஆசிரியர் ஒருவர் அஞ்சினார். அவரது அச்சத்தை யாம் இகழவில்லை. எனினும் அத்தகையோர் கைப்பேசியிலேயே வேண்டியதைக் கற்றுக்கொள்கின்றனர். அங்கே கிடைக்காதது பாவை அகன்று மூன்று நாள் எழுத்துத் தெரியாமற் கிடப்பதைக் குறித்த எச்சரிக்கையே.

ஆதலின் குழுவினர்க்கு யாம் விண்ணப்பித்தது இதுவே. ஊமத்தைச் செடிகளுள் இரண்டை மட்டும் நிறுத்திப் பிறவற்றைக் களைக. அவ்விரண்டிற்கும் மார்பளவுக் கம்பிவேலி இடுக. காய் வெடிக்குமுன் தோட்டக்காரர் கையுறையிட்டுப் பறித்து, குழியிற் கொட்டாமல் தாவரநூல் அறையில் ஒப்படைக்க. விதை வேண்டிய அளவு மிளகாய் விதையோடு அருகருகே கண்ணாடிக் குப்பியிலிட்டுப் பூட்டி வைக்கப்படும். இரசாயன இறுதி வகுப்பார் ஆண்டுக்கு ஒருநாள் படியிறங்கி வந்து, கொக்கெயின், ஹையோஸின் இரண்டின் சூத்திரங்களையும் செடியின் முன்னே நின்று வரைக. வாயிலிலுள்ள அரளிக்கும் ஒரு பலகை வேண்டும். அழகியதென்று அதற்குச் சலுகை கூடாது.

ஊமத்தைப் பலகையின் வாசகம் தமிழிலே, தொடக்கப்பள்ளிச் சிறாரும் எழுத்துக் கூட்டிப் படிக்குமாறு பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும். யாம் வரைந்து கொடுத்தது: "ஊமத்தை. இலை, பூ, காய், விதை, வேர் எல்லாம் நஞ்சு. தொடாதே, சுவையாதே. உண்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல். இதிலுள்ள பொருளே அளவறிந்த மருத்துவர் கையில் பூச்சிமருந்து உண்டவரைப் பிழைக்கச் செய்கிறது." குழுவின் முடிவு இம்மலர் அச்சேறும்வரை வெளிவரவில்லை. தோட்டக்காரர் மட்டும் கம்பிக்கு எத்தனை முழம் வேண்டுமென்று அளந்து வைத்திருக்கின்றார்.